கடனில் வந்த வண்டி

வங்கி மேலாளர் படிவத்தைப் புரட்டிக்கொண்டே, "சார் வரலீங்களா மேடம்?" என்று கேட்டார். சம்பளச் சான்று என்னுடையது. கணக்கு என்னுடையது. ஓட்டுநர் உரிமமும் என்னுடையதுதான். என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் அவருக்கு இல்லை. "வரமாட்டார், நான்தான் வாங்குகிறேன்" என்றேன். 'கடனின் நோக்கம்' என்ற கட்டத்தில் என்னைக் கேட்காமலே 'குடும்பப் பயன்பாடு' என்று அவர் எழுதினார். நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதச் சொல்லியிருப்பேன் என்று வீடு திரும்பும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அம்மா, "கார் எதுக்கு பாப்பா? அதான் பஸ்ஸு போவுதே" என்றார். கணவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்: "தேவையா ஆசையான்னு ஒருமுறை யோசிச்சுக்கோ." திருமணமான இரண்டாம் மாதமே அவர் கடனில் மோட்டார் சைக்கிள் வாங்கினார். அது தேவையா ஆசையா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்றே எனக்கு அன்று தோன்றவில்லை. கார் வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. கேள்வி மட்டும் இன்னும் அடைபடவில்லை. அது எங்கிருந்து வருகிறது, யாரிடம் மட்டும் கேட்கப்படுகிறது என்று தேடியதில் கிடைத்தவையே இங்கே இருப்பவை.

தமிழ் ஆசிரியை என்பதால் முதலில் சொல்லிடம் போனேன். 'எனக்குத் தண்ணீர் வேண்டும்', 'எனக்கு வளையல் வேண்டும்' இரண்டுக்கும் தமிழில் ஒரே வினைதான். அவசியமும் விருப்பமும் 'வேண்டும்' என்ற ஒரே சொல்லில் குடியிருக்கின்றன. கோயிலில் செய்வதும் வேண்டுதல். வள்ளுவர் 'அவா அறுத்தல்' அதிகாரத்தில் ஆசையின்மைக்கு வைக்கும் பெயரும் வேண்டாமைதான். ஆகவே, கார் வேண்டும் என்று நான் சொன்னபோது அது எந்த 'வேண்டும்' என்பதை மொழி பிரித்துக் காட்டவில்லை, கேட்டவர்கள் பிரித்துக்கொண்டார்கள். 'கடன்' என்ற சொல்லும் இப்படி இரட்டை வாழ்வு வாழ்கிறது. கடமையும் கடன், வாங்கிய பணமும் கடன். புறநானூற்றில் பொன்முடியார் ஒவ்வொருவருக்கும் ஒரு கடனைப் பகிர்ந்தளிக்கும் பாடலை எல்லோரும் பள்ளியிலேயே படித்திருப்போம். தாய்க்கும் தகப்பனுக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் ஆளுக்கொரு கடன் உண்டு. பெற்று வளர்ப்பதோடு தாயின் கடன் முடிகிறது. களத்துக்குப் போய் வென்று திரும்புவது மகனின் கடன். எழுதியவர் ஒரு பெண் என்பது வகுப்பில் மாணவிகள் தவறாமல் வியக்கும் செய்தி. அந்தப் பாட்டில் வீட்டைவிட்டுப் போய்வருகிறவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னால் வகுப்பு சற்று அமைதியாகிவிடும்.

எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் வங்கிக் கடன் அம்மாவின் பெயரில் வந்தது. பர்கூர் அப்போது தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது; கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். பெண் சிசுக்கொலைக்காகப் பெயர் கெட்டிருந்த அந்தத் தர்மபுரியில்தான் 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. இன்று தமிழ்நாடெங்கும் 'குழு' என்று சொன்னாலே புரிகிற மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு இதுவே தொடக்கம். 1992-ல் நபார்டு வங்கி இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஈடு காட்ட நிலமோ நகையோ இல்லாத பெண்களும் வங்கிப் படி ஏறினார்கள். என் அம்மா ஏறினார். அதைச் சிறுமைப்படுத்த எனக்கு மனம் வராது.

ஆனால் கடன் எதற்கு என்ற கேள்வி அங்கேயும் இருந்தது. கறவை மாடு, ஆடு, தையல் இயந்திரம் என்றால் அது உற்பத்திக் கடன். மற்றதெல்லாம் நுகர்வு. அம்மாவுக்கு மாடு வந்தது. பால் சங்கத்துக்குப் போனது. பாலைக் கொண்டுபோக வண்டி வேண்டும் என்று அப்பா டி.வி.எஸ். 50 வாங்கினார். முன்பணம் பால் பணத்திலிருந்து. மாட்டுக் கடனை அம்மா அடைத்துக்கொண்டிருந்தபோதே வண்டிக்கும் தவணை போனது. காலையில் கேன் போகும். மீதி நேரமெல்லாம் வண்டி அப்பாவோடு ஊர் சுற்றும். ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் சினிமாவுக்கும் அதே வண்டிதான். அந்த வண்டியை யாரும் ஆசை என்று சொன்னதில்லை. அம்மா குழுக் கூட்டத்துக்கு நடந்து போனார்.

அந்த மொபெட் எங்களுக்கு அண்டை ஊர்ச் சரக்கு. 1980-ல் ஓசூரில் சுந்தரம்-கிளேட்டன் நிறுவனம் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. இருவர் உட்காரலாம், கியர் இல்லை, எடை குறைவு. பெண் ஓட்டுவதற்கு அதைவிட எளிய வண்டி அன்று இருந்திருக்க முடியாது. ஆனாலும் எங்கள் பக்கத்துச் சாலைகளில் அதன் முன்னால் பால் கேனும் வாழைத்தாரும் மூட்டையும் இருந்தன, பின்னால் பெண் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள்.

தவணைமுறையின் வரலாற்றைப் பார்த்தால் இந்தக் கணக்கு புதிதல்ல. 1856-ல் அமெரிக்காவில் சிங்கர் தையல் இயந்திரத்தைத் தவணையில் விற்கும் முறையை எட்வர்ட் கிளார்க் கொண்டுவந்தார். ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடக்கூடிய பொருள் அது. ஆனால் இயந்திரம் தைக்கும், தைத்துத் தன் விலையைத் தானே அடைக்கும் என்ற வாதம் எடுபட்டது. பெண்ணின் கைக்கு முதலில் கடனில் வந்த இயந்திரம் அவளை வீட்டுக்குள்ளேயே உட்காரவைத்த இயந்திரம் என்பதையும் கவனிக்க வேண்டும். நம் ஊரில் இதே வாதத்தை லாரி பேசியது. டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகன் டி.எஸ். சந்தானம் 1954-ல் சென்னையில் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். லாரியும் பஸ்ஸும் ஓடிச் சம்பாதித்துத் தவணையைக் கட்டும் என்ற நம்பிக்கையில் அந்தத் தொழில் வளர்ந்தது. (சிறுவயதிலேயே கணவரை இழந்து, பின்பு மருத்துவம் படித்து, காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் இதே வீட்டுப் பெண். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) ஓடிக் கட்டுகிற வண்டிதான் தேவை என்றால், வண்டியை ஓட்டாதவளுக்குத் தேவையே இருக்க முடியாது. அமெரிக்காவிலேயே பெண் தன் வருமானத்தைக் காட்டிக் கடன் கேட்டால் கணவனின் கையெழுத்தைக் கேட்கும் வழக்கத்தைச் சட்டம் தடுத்தது 1974-ல்தான். நான் சந்தித்த மேலாளர் கையெழுத்துக் கேட்கவில்லை, விசாரிக்க மட்டும் செய்தார். அதையும் முன்னேற்றம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

1990 நவம்பர் 6 அன்று சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் 47 பெண்கள் கார்களில் ஏறி, அவர்களே ஓட்டிக்கொண்டு போனார்கள். பிடித்து வைக்கப்பட்டார்கள், கடவுச்சீட்டுகள் பறிக்கப்பட்டன, சிலர் வேலை இழந்தார்கள். வசதியான வீட்டுப் பெண்கள், ஓட்டுநர் வைத்துக்கொள்ளக்கூடியவர்கள். அவர்களுக்குப் போக வழி இல்லாமல் இல்லை, ஓட்டத்தான் வழி இல்லை. அடுத்த ஆண்டு புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் குறைவு. நான் சேர்த்தே பார்க்கிறேன். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். நவசாட்சரப் பெண்கள், கல்குவாரிக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், தொண்டர்கள் என ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றார்கள். தொண்டர்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு நடந்தது. பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அவர்கள் ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் சிலர் அதையே விரும்பினார்கள்.

இதைப் பதிவு செய்த பத்திரிகையாளர் பி. சாய்நாத், பொருளாதாரப் பயனை மறுக்காமலே, அந்தப் பெண்கள் பேசியது பெரும்பாலும் வேறொன்றைப் பற்றி என்று கண்டார். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சம், சரக்கை அதிக ஊர்களில் விற்கலாம் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அவர் சந்தித்தவர்களில் ஒரு பள்ளி ஆசிரியை இருக்கிறார். சொந்தமாகச் சைக்கிள் வாங்க வசதியில்லாத அவர், மாலையில் வாடகைச் சைக்கிள் எடுத்து அரைமணி நேரம் ஓட்டுவார். எங்கும் போவதற்காக அல்ல, ஓட்டுவதற்காக. மாணவிகளோடு இந்தக் கட்டுரையைப் பேசும்போதெல்லாம் அந்த அரைமணி நேரத்தில்தான் நான் நிற்பேன். அந்த வாடகையை எந்தத் திட்டத்தின் எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது? உற்பத்தியிலா, நுகர்விலா?

அரசு இந்தக் கேள்விக்குப் போகவில்லை, போயிருக்கவும் முடியாது. எங்கள் பர்கூரின் சட்டமன்ற உறுப்பினராக 1991 முதல் 1996 வரை இருந்தவர் ஜெயலலிதா. 1996-ல் இதே தொகுதியில் தோற்றார். 2001-ல் அ.தி.மு.க. மீண்டும் ஆட்சிக்கு வந்தபின், 2001-02-ல் மேல்நிலை வகுப்பில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கும் திட்டம் வந்தது; பின்னர் அது மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. காலை நேரங்களில் கிராமத்துச் சாலைகளில் சீருடைப் பெண்கள் வரிசையாகச் சைக்கிளில் வருவதைப் பார்த்த தலைமுறை என் தலைமுறைக்கு அடுத்தது. எனக்குச் சைக்கிள் கிடைக்கவில்லை. பொறாமை உண்டு.

2018 பிப்ரவரியில் பணிபுரியும் மகளிருக்கான அம்மா இருசக்கர வாகனத் திட்டம் தொடங்கியது. விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது மானியமாக இருந்தது. வயது 18 முதல் 40-க்குள். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது என்றிருந்தது. ஓட்டுநர் உரிமம் வேண்டியிருந்தது. அத்தோடு, வேலைக்குப் போகிறவராக இருக்க வேண்டியிருந்தது. பொதுப் பணத்தைக் கொடுக்கும்போது யாருக்கு முன்னுரிமை என்று வகுத்துத்தான் ஆக வேண்டும், அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் மாட்டிலிருந்து ஸ்கூட்டர் வரை வந்துபார்த்தால் ஒரே நூல் ஓடுகிறது: பெண் நகர்வதற்கு ஒரு காரணம் காட்ட வேண்டும். பால் போக வேண்டும், பிள்ளை படிக்க வேண்டும், சம்பளம் வர வேண்டும். காரணம் குடும்பத்துக்குப் பயன்பட்டால் வண்டி தேவை. அவளுக்கு மட்டும் பயன்பட்டால் ஆசை.

ஆண்கள் மட்டும் தேவைக்காக வாங்குகிறார்களா என்ன? 2009-ல் டாடா நானோ வந்த கதை நினைவிருக்கும். மழையில் ஒரே ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு போன ஒரு குடும்பத்தைப் பார்த்து, இவர்களுக்குப் பாதுகாப்பான வண்டி வேண்டும் என்று ரத்தன் டாடா நினைத்ததாகச் சொன்னார்கள். தேவை என்று ஒரு கார் இதற்குமேல் தன்னை நிரூபிக்க முடியாது. ஒரு லட்ச ரூபாய்க்கு அறிவிக்கப்பட்ட அந்தக் கார் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. பத்தாண்டுக்குள் தயாரிப்பே நின்றது. மலிவான கார் என்ற பெயரை யாரும் வாசலில் நிறுத்திக்கொள்ள விரும்பவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது. வீட்டுத் தலைவர்கள் அதைவிட விலை கூடிய காருக்குக் கடன் வாங்கினார்கள். வாங்கிவிட்டுக் குடும்பத்துக்காக என்றார்கள்.

என் காரிலும் குடும்பம் போகிறது. அம்மா முன்னிருக்கையில் உட்கார முதல் நாள் தயங்கினார், அது ஆம்பளைங்க இடமாம். இப்போது பர்கூர் ஜவுளிக் கடைத்தெருவுக்குப் போவதற்குக்கூட என்னைக் கேட்கிறார், அங்கே நிறுத்த இடம் கிடைக்காது என்று தெரிந்தும். ஆனால் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். கல்லூரிக்குப் பஸ் இருந்தது. கார் இல்லாமல் நான் வேலையை இழந்திருக்க மாட்டேன். மாலை வகுப்பு முடிந்து தேசிய நெடுஞ்சாலையில் தனியாக, கண்ணாடியை இறக்கிவிட்டு, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒரு இருபது நிமிடம் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் வாங்கினேன். படிவத்தின் கட்டத்தில் அதை எழுதியிருக்கலாம், இடம் போதாது.

இப்படிச் சொல்வதில் ஒரு ஆபத்து இருப்பது எனக்குத் தெரியும். பெண்ணின் ஆசையை மதிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே அவள் கையில் கடன் பத்திரத்தைத் திணிக்கும் விளம்பரங்களும் இதையேதான் பேசுகின்றன. எனக்கு மாதச் சம்பளம் உண்டு, தவணை அதில் அடங்கும். சம்பளம் நிலையில்லாதவளுக்கு ஆசையும் ஆபத்தும் ஒரே வண்டியில் வருகின்றன. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எந்தக் காரணமும் காட்டாமல் ஒரு பெண் ஏறி உட்காரலாம். வேலைக்கா கோயிலுக்கா தோழி வீட்டுக்கா என்று நடத்துநர் கேட்பதில்லை. நம் காலத்தில் பெண்களுக்காகச் செய்யப்பட்டவற்றில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான். கடனில்லாத நகர்வு அது. அதை 'ஓசி' என்று ஒரு அமைச்சரே மேடையில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் நடந்தது. ஆனால் அந்தப் பேருந்து போகாத ஊர்களும், போகாத நேரங்களும் உண்டு.

என் பழைய மாணவி ஒருத்தி அப்படியொரு ஊரில் இருக்கிறாள். எங்கள் பக்கம் இப்போது தொழிற்சாலைகள் பெண்களைத் தேடுகின்றன. போச்சம்பள்ளியில் ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலையைப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களே முழுக்க நடத்துவார்கள் என்று 2021 செப்டம்பரில் அந்நிறுவனம் அறிவித்தபோது வகுப்பே கைதட்டியது. இவள் வேலை பார்ப்பது வேறொரு ஆலையில், ஒப்பந்தத்தில். கம்பெனி பஸ் நெடுஞ்சாலைவரைதான் வரும். விடியற்காலை ஷிப்ட். வீட்டிலிருந்து சாலைக்கு நாலு கிலோமீட்டர், இருட்டு, நாய்கள். ஸ்கூட்டர் வாங்க ஒரு நிதி நிறுவனத்தில் 80,000 ரூபாய் கடன் வாங்கினாள். அவள் பெயரில் கடன், அவள் பெயரில் பதிவு.

போன மாதம் என்னைப் பார்க்க வந்தாள். அந்த ஸ்கூட்டரில்தான் வந்தாள், தம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து. "ஷிப்ட் மாறிடுச்சு மேடம். இப்ப பஸ் நேரத்துக்குச் சரியா இருக்கு. வண்டி சும்மாதான நிக்குதுன்னு தம்பி எடுத்துக்கிட்டான்." தவணை அவள் கணக்கிலிருந்தே போகிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் இருந்த இரண்டு மாதம் தவணை தவறியபோது வசூலுக்கு வந்தவர்கள் தம்பியைக் கேட்கவில்லை, அவளைத்தான் கேட்டார்கள், தெருவில் நின்று. கடனை வசூலிக்க அடியாட்களை அனுப்பக் கூடாது, சட்டவழியில்தான் போக வேண்டும் என்று பிரகாஷ் கௌர் என்ற பெண்ணின் வாகனக் கடன் வழக்கில் 2007-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்றேன். "அப்பிடியா மேடம்" என்றாள். தெருவில் நின்றபோது தெரிந்திருந்தால் பயன்பட்டிருக்கும்.

வட்டி எவ்வளவு என்று கேட்டேன். பத்து சதவீதம் என்றாள். எந்தப் பத்து? ஒப்பந்தத்தைக் கொண்டுவந்திருந்தாள். மூன்று ஆண்டு, 36 தவணை, மாதம் 2,889 ரூபாய். 80,000-க்கு ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்று மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 24,000 வட்டியை முதலிலேயே கூட்டி, வரும் தொகையை 36-ஆல் வகுத்திருக்கிறார்கள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் முழு 80,000-க்கும் போய்க்கொண்டிருக்கிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இது பதினெட்டு சதவீதத்தை நெருங்குகிறது. தமிழ் முனைவருக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரியும் என்று அவள் பார்த்தாள். கார் வாங்கும்போது கற்றது. 2024 அக்டோபர் முதல் கடன் கொடுப்பவர்கள், எல்லாச் செலவும் சேர்ந்த உண்மையான ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கியத் தகவல் அறிக்கையை, வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இதைப் படிக்கிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள், தமிழில் கேளுங்கள்.

"வேலைக்குத்தான வாங்கின?" என்றேன்.

"ஃபார்ம்ல அப்பிடித்தான் மேடம் போட்டேன். வீட்லயும் அப்பிடித்தான் சொன்னேன்." கொஞ்சம் தயங்கினாள். "ரெண்டு ஞாயித்துக்கிழமை ஃப்ரெண்ட்ஸோட கே.ஆர்.பி. டேமுக்குப் போனோம். நான்தான் ஓட்டுனேன். அதுக்குத்தான் மேடம் வாங்குனது. அதச் சொன்னா யாரு வாங்க விடுவாங்க?"

வேலைக்கு என்று சொல்லித்தான் வாங்கினாள். அந்தக் காரணம் நின்ற நாளில் வண்டியும் கைமாறிவிட்டது. டேமுக்குப் போக என்று சொல்லியிருந்தால் தம்பியிடம் திருப்பிக் கேட்க அவளுக்கு ஒரு வாதமாவது மிஞ்சியிருக்கும். ஆனால் அப்படிச் சொல்லியிருந்தால் வண்டியே வந்திருக்காது என்பதும் உண்மை.

முன்கூட்டிக் கட்டி முடித்தால் எவ்வளவு, அபராதம் உண்டா என்று நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். பதிவுச் சான்று யார் கையில் இருக்கிறது என்றேன். தம்பியிடம். வாங்கி வைத்துக்கொள் என்றேன். இன்னும் பதினான்கு தவணை. காகிதத்தின் ஓரத்தில் 40,446 என்று எழுதி அடிக்கோடிட்டாள். வெளியே ஹாரன் கேட்டது. "வர்றேன்டா" என்று ஜன்னல் பக்கம் குரல் கொடுத்துவிட்டு, கடிதத்தில் கையெழுத்துப் போடக் குனிந்தாள்.